மாதிரி ரயில் கிரேன்: ரேடியோ எளிது, எடையும் நூலும்தான் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதிரி ரயில் கிரேனை ரிமோட்டில் இயக்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கையால் செய்து பார்க்கும் இப்படிப்பட்ட விஷயங்கள் தமிழ் நாளிதழ்களில் இன்னும் நிறைய வர வேண்டும். ஆனால் அந்தக் கட்டுரையின் பெரும்பகுதி ரிசீவரையும் நிரலையும் பற்றியே பேசிவிட்டது. மோட்டார், நூல், எடை மூன்றும் கடைசிப் பத்தியில் இரண்டு வரியில் முடிந்துவிட்டன. 1:87 அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) கிரேனில் ரேடியோ ஒரு மாலை நேரத்து வேலை. கிரேன் கவிழாமல் தூக்குமா, கொக்கி கீழே இறங்குமா என்பதை முடிவு செய்வது அந்தக் கடைசிப் பத்தியில் நின்றுபோன விஷயங்கள்தான். விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்யப்போகிறவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாதுகாப்புத் திருத்தம். கட்டுரையின் பொருள் பட்டியலில் 200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரியும் டிபி4056 சார்ஜர் போர்டும் இருந்தன. அந்த போர்டு கடையிலிருந்து வரும்போது 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கும். இந்தச் சின்ன பேட்டரிக்கு அது ஐந்து மடங்கு அதிகம். பேட்டரி சூடாகும், உப்பும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. போர்டில் ‘122’ என்று அச்சிட்ட 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் சார்ஜ் மின்னோட்டம் 130 மில்லி ஆம்பியராகக் குறையும். சின்ன ரெசிஸ்டரைச் சால்டர் செய்ய வராது என்பவர்கள் அந்த போர்டை இந்த பேட்டரியோடு இணைக்கவே வேண்டாம். தயவுசெய்து இதை அடுத்த இணைப்பில் திருத்தமாகவும் வெளியிடுங்கள்.

இனி கிரேனுக்கு வருகிறேன். பேட்டரியும் ரேடியோவும் வேண்டும் என்று கட்டுரை சொன்னது சரி. ஆனால் அதற்கான முக்கியக் காரணம் விடுபட்டுவிட்டது. தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் அடிவண்டியிலிருந்து சுழலும் கேபினுக்குச் சுழல் அச்சின் வழியே ஒயர் போக வேண்டும். கேபின் இரண்டு சுற்று சுற்றினால் ஒயர் முறுக்கிக்கொள்ளும். தண்டவாளத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தால் பாதித் தூக்கலில் மின்சாரம் போய்விடும். பேட்டரி, ரிசீவர், மூன்று மோட்டார் எல்லாமே கேபினுக்குள் இருந்தால் அச்சின் வழியே ஒரு ஒயர்கூடப் போகாது. கேபின் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம்.

கவிழ்வதைப் பற்றிக் கட்டுரை சொன்ன ஒரே யோசனை, கேபினின் பின்பக்கத்தில் ஈயம் வைப்பது. இது வேலைக்கு ஆகாது. காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். தண்டவாள அகலம் 16.5 மி.மீ. எனவே பூமை, அதாவது கிரேனின் நீண்ட கையை, பக்கவாட்டில் திருப்பினால் கிரேன் கவிழும் விளிம்பு நடுவிலிருந்து 8.25 மி.மீ. தூரத்திலேயே வந்துவிடுகிறது. கொக்கியும் சுமையும் சேர்ந்து 60 கிராம், அது நடுவிலிருந்து 120 மி.மீ. தள்ளித் தொங்குகிறது என்று கொள்வோம். பூமின் எடை 20 கிராம், அதன் எடைமையம் 60 மி.மீ. தூரத்தில். அடிவண்டி 100 கிராம். இந்த நிலையில் கவிழாமல் நிற்க, நடுவிலிருந்து 25 மி.மீ. பின்னால் சுமார் 208 கிராம் ஈயம் வேண்டும். அவ்வளவு ஈயத்தை வைத்த பிறகு சுமையை இறக்கிவிட்டு பூமை மேலே தூக்கினால் கிரேன் பின்பக்கமாகச் சாயும். வெறும் கொக்கியும் பூமும் அடிவண்டியும் சேர்ந்துகூட அந்த ஈயத்தைச் சமன் செய்ய முடியாது.

நிஜக் கிரேன்களில் அவுட்ரிகர் எனப்படும் பக்கக் கால்கள் இருப்பது இதனால்தான். பிகாரின் ஜமால்பூர் ரயில்வே பணிமனை 140 டன் தூக்கும் விபத்து மீட்பு கிரேன்களைக் கட்டுகிறது. அந்த வகைக் கிரேன்கள் எல்லாவற்றிலும் கால்களை விரித்து நிற்கும்போது தூக்கும் எடை ஒன்று, தண்டவாளத்தில் சும்மா நிற்கும்போது தூக்கும் எடை வேறொன்று. இரண்டாவது மிகவும் குறைவு. மாதிரி கிரேனிலும் கால்களை நடுவிலிருந்து 40 மி.மீ. வரை நீட்டி, அவை உண்மையாகவே எடை தாங்கும்படி செய்தால், அதே 60 கிராம் சுமைக்குப் பின்பக்கம் தேவைப்படுவது 19 கிராம்தான். மோட்டார்களும் பேட்டரியும் சேர்ந்து அதைவிட அதிக எடை. ஆக, கேபினில் ஈயமே வேண்டாம். கூடுதல் எடை வைத்தே ஆக வேண்டும் என்றால் அடிவண்டியின் தரைத்தட்டுக்குள் வையுங்கள். அங்கே வைத்த எடை பூம் எந்தப் பக்கம் திரும்பினாலும் உதவும்.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கால்கள் வெறும் அலங்காரம். 2 மி.மீ. சதுரப் பித்தளைக் கம்பியை அடிவண்டியின் குறுக்கே போகும் ஒரு குழலில் நுழைத்து இழுக்கும்படி செய்தால் போதும். காலின் நுனிக்கும் பலகைக்கும் இடையே மரத்துண்டுகளை அடுக்குங்கள். மீட்புப் பணியாளர்கள் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்குவதும் இப்படித்தான், பார்க்கவும் அழகாக இருக்கும். நுனிக்கும் கட்டைக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி இருந்தாலே பூம் நுனி ஒரு மி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் ஆடும். தெர்மோகோல் தளத்தில் மாதிரி ரயில் அமைத்திருப்பவர்கள் கிரேன் நிற்கும் இடத்தில் மட்டுமாவது 3 மி.மீ. பிளைவுட் துண்டைப் பதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டை மெல்ல அமிழும்.

60 கிராம் என்பது மனம்போன எண் அல்ல. அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி இந்த அளவில் ஒரு வண்டிக்கு 1 அவுன்ஸும், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் எடை வேண்டும். ஐந்து அங்குல வண்டி என்றால் 3.5 அவுன்ஸ், ஏறக்குறைய 99 கிராம். தடம் புரண்ட வண்டியின் ஒரு முனையை மட்டும் தூக்கித் தண்டவாளத்தில் வைக்க அதில் பாதி, 50 கிராம் போதும். கொக்கியின் 10 கிராமைச் சேர்த்தால் 60. நிஜத்திலும் பெரும்பாலும் ஒரு முனையைத் தூக்கி வைத்த பிறகுதான் மறுமுனைக்குப் போவார்கள். முழு வண்டியையும் அந்தரத்தில் தூக்க ஆசைப்படுபவர்கள் உள்ளே எடை வைக்காத வெற்றுக்கூட்டைத் தூக்கலாம்.

அடுத்தது நூல். வாசகர்களில் பலர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான் இருக்கும். மேலே போன கொக்கி கீழே வராது. மோட்டார் சுற்றும், நூல் டிரம்மிலிருந்து (நூல் சுற்றும் உருளை) அவிழும், ஆனால் கொக்கி அசையாது. அவிழ்ந்த நூல் கேபினுக்குள் சிக்கலாகி அச்சில் சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் கொக்கியின் எடை ஒரு கிராம்கூட இருக்காது, கப்பிகளின் உராய்வை அதனால் வெல்ல முடியாது என்பதே காரணம். கொக்கிக் கட்டையைப் பித்தளையில் செய்தோ, உள்ளே டங்ஸ்டன் பசையோ ஈயமோ அடைத்தோ 10 கிராமுக்குக் குறையாமல் பாருங்கள். நிஜக் கிரேனைப் பார்த்து நூலை நான்கு மடிப்பாகவோ ஆறு மடிப்பாகவோ ஓட்ட வேண்டாம். 10 கிராம் கொக்கி நான்கு மடிப்பில் தொங்கினால் ஒவ்வொரு மடிப்புக்கும் 2.5 கிராம் இழுப்புதான் கிடைக்கும். இரண்டு மடிப்பு என்றால் 5 கிராம். மோட்டாரில் விசை தேவைக்கு மேலேயே இருக்கிறது, மடிப்பைக் கூட்டி விசையைப் பெருக்க ஒரு தேவையும் இல்லை.

தையல் நூல் முறுக்கி நூற்றது. எடை தொங்கியதும் முறுக்கு அவிழ்ந்து கொக்கி தட்டாமாலை சுற்றும். பஞ்சு இழைகள் கப்பியில் அடைக்கும். சாதாரண நைலான் தூண்டில் நரம்பு சுருண்ட நிலையிலேயே விறைத்து நிற்கும். பின்னல் வகைத் தூண்டில் நூல், 0.2 மி.மீ., கறுப்பு அல்லது சாம்பல் நிறம்: இதைத்தான் வாங்க வேண்டும். அது வழுவழுப்பானது என்பதால் முடிச்சு நழுவும். இரட்டை முடிச்சு போட்டு, முடிச்சின் மேல் மட்டும் ஒரு துளி ஃபெவிக்விக் வையுங்கள். பசை நூலில் ஊறினால் அந்த இடம் கம்பி மாதிரி விறைத்துக் கப்பியில் வளையாது.

பூம் நுனியில் அச்சோடு சேர்த்து வார்த்த கப்பிகள் சுற்றாது, வெட்டி எடுத்துவிடுங்கள். 5 மி.மீ. பித்தளைக் கப்பி, நடுவில் 1 மி.மீ. துளை, 0.8 மி.மீ. எஃகுக் கம்பி அச்சு. இதில் ஒன்றே ஒன்றைத் தவறாமல் கவனிக்க வேண்டும். கப்பிக்கும் பக்கத்தகட்டுக்கும் உள்ள இடைவெளி நூலின் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நூல் தளர்ந்த ஒரு கணத்தில் கப்பியிலிருந்து நழுவி இடுக்கில் மாட்டிக்கொள்ளும். மெல்லிய வாஷர் வைத்து அந்த இடைவெளியை அடையுங்கள்.

மோட்டார் விஷயத்தில் கட்டுரை சொன்ன என்20 கியர் மோட்டார் நல்ல தேர்வு. ஆனால் 100 சுற்று மோட்டார் கூடவே கூடாது. 6 வோல்ட்டுக்கு நிமிடம் 100 சுற்று என்பது ஒற்றை லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் ஏறக்குறைய 60 சுற்று. 6 மி.மீ. டிரம்மில் ஒரு சுற்றுக்கு 18.85 மி.மீ. நூல் ஓடும். இரண்டு மடிப்பில் கொக்கி நொடிக்கு 9.4 மி.மீ. ஏறும். இதை 87-ஆல் பெருக்கினால் நிஜத்தில் நிமிடத்துக்கு 49 மீட்டர். எந்த மீட்புக் கிரேனும் சுமையை அப்படி விசுக்கென்று தூக்காது. 15 சுற்று மோட்டார் 3.7 வோல்ட்டில் 9 சுற்று சுற்றும், கொக்கி நொடிக்கு 1.4 மி.மீ. நகரும். 150 மி.மீ. ஏற இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ரிமோட்டில் வேகத்தைப் பாதியாக்கினால் நிஜ அளவில் நிமிடத்துக்கு நான்கு மீட்டருக்கும் குறைவு. பார்க்கும்போதே கனமான எதையோ தூக்குகிறது என்ற உணர்வு வரும்.

டிரம்மின் அகலத்தையும் இந்தக் கணக்கே சொல்லிவிடும். 150 மி.மீ. பயணத்துக்கு 300 மி.மீ. நூல், அதாவது 16 சுற்று. ஒரே அடுக்கில் சுற்ற 3.2 மி.மீ. இடம் போதும். எப்போதும் டிரம்மிலேயே தங்கும் மூன்று சுற்றைச் சேர்த்து 6 மி.மீ. அகலம் தாராளம். என்20 மோட்டாரின் உடல் சுமார் 24 மி.மீ., அச்சு 10 மி.மீ. இந்த அளவு கேபினின் உள்ளகலம் பெரும்பாலும் 32 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால் மோட்டாரைக் குறுக்கே வைக்க அச்சை 7 மி.மீ.க்கு வெட்ட வேண்டும். வெட்டும்போது அச்சையே குறட்டில் பிடியுங்கள், கியர் பெட்டியைப் பிடிக்காதீர்கள். பெட்டியைப் பிடித்து ரம்பம் போட்டால் உள்ளே இருக்கும் நுண்ணிய பற்கள் உடையும். பித்தளைத் தூள் உள்ளே போகாமல் பெட்டியை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள்.

இந்த மோட்டார்கள் சின்னவை என்று அலட்சியம் வேண்டாம். முறுக்குவிசை 1 கிலோ-செ.மீ. என்று வைத்துக்கொண்டால்கூட, 3 மி.மீ. ஆரமுள்ள டிரம்மில் நூலை மூன்று கிலோவுக்கு மேல் இழுக்கும். கொக்கி பூம் நுனியில் முட்டிய பிறகும் விசையை விடாவிட்டால் பூம் ஒடியும். ஆகவே டிரம்மை அச்சில் திருகாணியால் இறுக்காதீர்கள். அச்சின் மேல் சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை இறுக்கி, அதன் மேல் டிரம்மை அழுத்திப் பொருத்துங்கள். நூலில் நேராக 80 கிராம் கட்டினால் தூக்க வேண்டும், 120 கிராம் கட்டினால் டிரம் வழுக்க வேண்டும். இந்தச் சோதனையை மேசையிலேயே முடித்துவிட்டு கேபினுக்குள் வையுங்கள். டிஆர்வி8833 மோட்டார் டிரைவரின் மின்னோட்டக் கட்டுப்பாட்டு முனைகள் உங்கள் போர்டில் வெளியே எட்டுமானால் இன்னொரு காப்பும் உண்டு. அங்கே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மோட்டாருக்கு 200 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. 0.2-ஐ ஓம் மதிப்பால் வகுத்தால் வருவதே அந்த எல்லை. மலிவு போர்டுகள் பலவற்றில் இந்த முனைகளை நேராக கிரவுண்டில் இணைத்துவிடுகிறார்கள்.

பூமை ஏற்றி இறக்கும் நூலில்தான் இழுவிசை அதிகம். மேலே சொன்ன 60 கிராம் சுமைக்கே, பூமின் அடிக்கீலிலிருந்து அந்த நூல்தொகுதி 35 மி.மீ. தள்ளி இழுக்கிறது என்றால், அதில் சுமார் 200 கிராம் விழும். இங்கே மட்டும் நான்கு மடிப்பு தேவை. பூமின் சொந்த எடையே நூலை நன்றாக இழுப்பதால் இறங்குவதில் சிக்கல் வராது. இந்த டிரம் மட்டும் சுமார் 150 கிராமில் வழுக்கட்டும். கேபின் மேலுள்ள முக்கோணச் சட்டம் பிளாஸ்டிக்காக இருந்தால் நாளடைவில் வளையும், பித்தளையில் செய்துவிடுங்கள். பூமை 75 டிகிரிக்கு மேல் ஏற விடாமல் ஒரு தடுப்பு வையுங்கள். அதற்கு மேல் போனால் அதன் எடை அதைத் திரும்ப இறக்காது, நூல் தொய்ந்து கப்பியை விட்டு வெளியேறும். இன்னொன்று, கொக்கி டிரம் பூமின் கீலுக்குப் பின்னால் இருப்பதால் பூமை இறக்கும்போது கொக்கி தானாகவே நுனியை நோக்கி ஏறும். இறக்கத் தொடங்குமுன் கொக்கியைக் கொஞ்சம் தாழ்த்திவிட வேண்டும். நிரலிலேயே இரண்டு மோட்டாரையும் சேர்த்து ஓட்டலாம், ஆனால் கையால் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

சுழற்சிக்கு 60 பல் சக்கரம் அடிவண்டியில் அசையாமல் இருக்கட்டும். கேபினிலிருந்து செங்குத்தாக இறங்கும் மோட்டாரின் 10 பல் சக்கரம் அதைச் சுற்றி நடக்கும். இரண்டும் 0.5 மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) என்றால் அச்சுகளின் இடைவெளி 17.5 மி.மீ. அதே 15 சுற்று மோட்டாரில் ஒரு முழுச் சுற்றுக்கு 40 நொடி ஆகும். பற்களுக்கிடையே தளர்வு இருந்தால் பூம் நுனி தள்ளாடும். கேபினுக்கும் அடிவண்டிக்கும் இடையே ஒரு ஃபெல்ட் வளையத்தை வைத்தால் அந்த உராய்வு தள்ளாட்டத்தை அடக்கும்.

ரேடியோவைச் சுருக்கமாகவே சொல்லலாம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை. ரேடியோவும் உள்ளடங்கிய இஎஸ்பி32-சி3 சிப்பில், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் சேனல்கள் ஆறு உள்ளன, மோட்டாருக்கு இரண்டு வீதம் மூன்று மோட்டாருக்கு அது சரியாகப் போதும். துணைக் கொக்கியை அலங்காரமாக விட்டுவிடுங்கள். டிஆர்வி8833 ஒன்று இரண்டு மோட்டாரை ஓட்டும், ஆகவே இரண்டு வேண்டும். கட்டுரையில் படத்தோடு வந்த எல்298 டிரைவர் இங்கே பயன்படாது. உருவமும் பெரிது, 3.7 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். விமான மாடலுக்கான ஈஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) வாங்குபவர்களும் ஏமாறுவார்கள், அது ஒரு திசையில்தான் ஓட்டும். கைபேசித் திரையைவிட, விட்டதும் நடுவுக்குத் திரும்பும் ஜாய்ஸ்டிக் இரண்டு மேல். கண் கொக்கியில் இருக்க வேண்டிய நேரத்தில் திரையைப் பார்க்க முடியாது.

நிரலில் மூன்று காரியங்கள் கட்டாயம். 0.3 நொடிக்கு மேல் சிக்னல் வராவிட்டால் எல்லா மோட்டாரும் நிற்க வேண்டும். ரெடிமேட் ரிசீவர்களில் சில கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொள்ளும். ரிமோட்டை அணைத்தாலும் நூலைச் சுற்றிக்கொண்டே போகும், அந்த அமைப்பை மாற்றிவிடுங்கள். இரண்டாவது, மோட்டார் சட்டென்று கிளம்பாமல் படிப்படியாக வேகம் எடுக்கட்டும். மூன்று மோட்டாரும் ஒரே நேரத்தில் உதைத்துக் கிளம்பினால் மின்னழுத்தம் சரிந்து போர்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், பார்ப்பவருக்கு ரேடியோ கோளாறு போலத் தெரியும். டிரைவர் அருகே 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும், ஒவ்வொரு மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றும் வையுங்கள். மூன்றாவது, பேட்டரி 3.3 வோல்ட்டுக்கு வந்ததும் இயக்கத்தை நிறுத்துங்கள். சார்ஜர் போர்டின் பாதுகாப்புச் சுற்று துண்டிக்கும் 2.5 வோல்ட் அளவுக்கு இறங்க விட்டால் பேட்டரியின் ஆயுள் குறையும். 4×20×30 மி.மீ. அளவிலான 200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இயக்கலாம்.

போர்டின் ஆண்டெனாவை மோட்டார்களுக்கும் பேட்டரிக்கும் நடுவில் புதைக்காதீர்கள். கேபின் கூரையை ஒட்டி, உலோகம் இல்லாத பக்கம் பார்த்து வையுங்கள். தனி ஒயர் ஆண்டெனா என்றால் 31 மி.மீ. நீளம், நேராக.

பொருத்தும் வரிசையிலும் கவனம் வேண்டும். முதலில் கால்களும் அடிவண்டியும். பிறகு மோட்டார் எதுவும் இல்லாமல் நூலைக் கையால் இழுத்து, கொக்கி தன் எடையாலேயே அடிவரை இறங்குகிறதா என்று பாருங்கள். அது இறங்காதவரை கேபினை மூடாதீர்கள். மோட்டார் வந்த பிறகு 10 கிராம், 30 கிராம், 60 கிராம் என்று ஏற்றுங்கள். ஒவ்வோர் எடையிலும் பூமைப் பக்கவாட்டில் திருப்பி, எதிர்ப்பக்கக் கால்களின் கீழே ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் சுலபமாக உருவி வந்தால் அந்தக் கால் எடையை விட்டுவிட்டது, கிரேன் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். சுமையை அங்கேயே இறக்கிவிட்டு அடிவண்டியில் எடை சேருங்கள்.

இப்படிக்கு,
மாதிரி ரயில் ஆர்வலர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.